கூண்டின் நீளத்தைப் பாருங்கள்

பெங்களூரு சிவாஜிநகரில் 1927-இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் தெரிந்தவர்களுக்கு அங்கே கேட்கும் கீச்சுச் சத்தமும் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்துப் பறவைக் கடைகளில் தமிழிலேயே பேரம் பேசலாம். ஒரு ஜோடியைக் கைகாட்டி விலை படிந்ததும், கடைக்காரர் தலைக்கு மேலே தொங்கும் சின்னக் கூண்டு ஒன்றை இறக்கித் தூசி தட்டுவார். "ஜோடிக்கு இது தாராளம் சார்" என்பார். நாமும் வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிடுகிறோம்.

பறவையைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர அந்தக் கூண்டு போதும். பின்னாளில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகவும் உதவும், எறிந்துவிட வேண்டாம். ஆனால் பட்ஜி 5 முதல் 10 ஆண்டு வாழும் பறவை. காக்கடீல் 15, 20 ஆண்டு இருக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 வயதைத் தாண்டும். அத்தனை காலத்தையும் அது எந்தப் பெட்டிக்குள் கழிக்கப்போகிறது என்பதைக் கடை வாசலில் இரண்டு நிமிடத்தில் முடிவுசெய்வது பறவைக்குச் செய்யும் அநியாயம். ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் வீட்டில் இடம் பாருங்கள், பிறகு கூண்டு வாங்குங்கள், கடைசியில் பறவை வரட்டும்.

எந்தப் பறவை என்பது முதலிலேயே தெளிவாக வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளி, மலை மைனா, முனியா எனப்படும் தினைக்குருவி வகைகள் ஆகியவற்றுக்குக் கூண்டே தேடாதீர்கள். இவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறைத் தண்டனை வரை போகலாம். பாட்டி வீட்டில் கிளி இருந்ததே என்று பலர் கேட்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஏற்கெனவே யாராவது கொடுத்துவிட்டுப் போன கிளி வீட்டில் இருந்தால் சன்னலைத் திறந்து பறக்கவிடுவதும் தவறு. கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, பருந்தைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள், கெங்கேரிப் பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் மீட்பு மையம் போன்ற இடங்களிலும் வழி கேட்கலாம்.

சட்டப்படி வளர்க்கக்கூடியவை வெளிநாட்டு இனங்கள்: பட்ஜி, காக்கடீல், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், ஜீப்ரா பின்ச், கொன்யூர் போன்றவை. நம் கடைகளில் பட்ஜியைத்தான் பொதுவாக லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அலகு தடிமன், கடி பலம். ஒன்றுக்குப் பொருந்தும் கூண்டு மற்றதற்குப் பொருந்தாது என்பதால் கடையில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கொன்யூர், மக்காவ் ஆகியவை பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாடு உள்ள இனங்கள். 2024-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி இவற்றைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பட்ஜிக்கும் காக்கடீலுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. செல்லப் பிராணி விற்கும் கடையும் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இனி அளவு. இங்கேதான் நான் பிடிவாதமாக இருப்பேன். கடையில் கண்ணைப் பறிக்கும் கூண்டுகள் பெரும்பாலும் உயரமானவை: கோபுரம் போலக் கூம்பியவை, வளைந்த கூரை வைத்தவை, உருண்டையானவை. வரவேற்பறை மூலையில் அழகாக இருக்கும். ஆனால் பறவை ஹெலிகாப்டர் போல நேராக மேலே எழும்புவதில்லை, பக்கவாட்டில் பறக்கிறது. நாலடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள கூண்டில் பட்ஜி மேலே உள்ள குச்சியில் உட்கார்ந்தே கிடக்கும். கீழ்ப் பாதி முழுவதும் வீண். அதே கம்பியைப் படுக்கவைத்தது போல 3 அடி நீளக் கூண்டு இருந்தால் இரண்டு கோடியிலும் குச்சி வைத்து, நடுவில் காலியாக விடலாம். அந்தக் காலியிடம்தான் அதற்கு ஆகாயம். இரண்டு, மூன்று முறை சிறகடித்துப் போய் எதிர்க் குச்சியில் இறங்கும், திரும்பவும் வரும்.

மைசூரு அவதூத தத்த பீடத்தில் சுகவனம் என்ற பெரிய பறவைக்கூடம் இருக்கிறது. ஒரே கூடத்தில் மிக அதிகப் பறவை இனங்கள் என்று 2017-இல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. பெங்களூரிலிருந்து ஒரு நாளில் போய்வரலாம். இடம் கிடைத்தால் கிளிகள் என்ன செய்கின்றன என்று அங்கே சற்று நேரம் நின்று பாருங்கள். அதன்பின் எந்தக் கூண்டைப் பார்த்தாலும் கண் முதலில் நீளத்தைத்தான் தேடும்.

என் கணக்கில் ஒரு ஜோடிக்குக் குறைந்தபட்ச அளவுகள் இவை. பட்ஜிக்கும் பின்சுக்கும் 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம். காக்கடீலுக்கும் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸுக்கும் 36 அங்குல நீளம், 24 அங்குல அகலம், 24 அங்குல உயரம். காக்கடீலுக்கு வால் நீளம். திரும்பும்போது வால் கம்பியில் உரசி நுனி பிய்ந்துபோகும். அதனால் அகலத்தைக் குறைக்க வேண்டாம். சாம்பல் கிளி அளவுக்குப் பெரிய பறவை என்றால் 3 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம் வேண்டும். அப்போதும் தினமும் சில மணி நேரம் வெளியே விட வேண்டும். அது முடியாத வீட்டுக்கு அந்தக் கிளி வேண்டாம் என்பதே என் கருத்து. இதில் சட்டமும் பறவையின் பக்கம் நிற்கிறது. நகர்வதற்குப் போதிய நீளம், அகலம், உயரம் இல்லாத கூண்டில் ஒரு பிராணியை அடைத்து வைப்பதை 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு வதை என்றே சொல்கிறது.

அளவு சரியாக இருந்தும் கம்பி இடைவெளியில் கோட்டை விடுபவர்கள் உண்டு. பட்ஜிக்கும் பின்சுக்கும் கம்பிக்குக் கம்பி அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கடைக்கு அளவுகோல் கொண்டுபோக மறந்தால் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 14 மில்லிமீட்டர் சொச்சம். கம்பி நடுவே அது நுழைந்தால் பட்ஜியின் தலையும் நுழையலாம். நுழைந்த தலை திரும்ப வராது. பயத்தில் இழுத்துக் கழுத்தை முறித்துக்கொள்ளும். காக்கடீல், லவ் பேர்ட்ஸ் போன்றவற்றுக்கு முக்கால் அங்குலத்துக்குள், பெரிய கிளிக்கு ஒரு அங்குலம் வரை போகலாம். கம்பியின் தடிமனும் முக்கியம். பட்ஜிக்கான மெல்லிய கம்பியைச் சாம்பல் கிளி அலகால் வளைத்து, பற்றவைத்த இடத்தில் பெயர்த்து எடுத்துவிடும். கிளி இனங்கள் அலகாலும் காலாலும் பிடித்து ஏறுபவை என்பதால் இரண்டு பக்கங்களிலாவது குறுக்குக் கம்பிகள் இருக்கட்டும். பின்ச் ஏறாது, தாவும். அதற்கு நெடுக்குக் கம்பியே போதும்.

உருண்டைக் கூண்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உச்சியில் கம்பிகள் ஒன்றோடொன்று நெருங்கும் இடத்தில் விரலோ அலகோ மாட்டிக்கொள்ளும். மிரண்ட பறவைக்கு ஒதுங்க ஒரு மூலையும் கிடையாது.

அடுத்தது உலோகம். கடையில் மலிவாகக் கிடைப்பது ஜி.ஐ. கம்பி வலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு ஒழுங்காக இருந்தால் துரு பிடிக்காது. ஆனால் புது வலையில் விரலை ஓட்டிப் பாருங்கள். சில இடங்களில் துத்தநாகம் உருண்டு திரண்டு முள் போல நிற்கும். மழைக்காலம் ஒன்று கடந்தால் வெள்ளைப் பொடி பூக்கும். பட்ஜியும் காக்கடீலும் நாள் முழுக்கக் கம்பியைக் கொறித்துக்கொண்டு ஏறுபவை. திரட்டைப் பெயர்த்தும் பொடியை நக்கியும் துத்தநாகத்தை விழுங்கிவிடும். முதலில் மந்தம், தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பது, எச்சம் நிறம் மாறுவது, பிறகு வாந்தி, நடுக்கம். பறவைகள் நோயைக் கடைசி வரை மறைப்பவை. நமக்குத் தெரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். ஜி.ஐ. வலைதான் கட்டுப்படியாகும் என்றால் வாங்கியதும் கடினமான பிரஷ்ஷால் திரட்டுகளைத் தேய்த்து எடுத்து, வினிகர் கலந்த நீரால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, சில வாரம் வெயிலிலும் மழையிலும் கிடக்கவிட்டு மறுபடி கழுவுங்கள். ஆபத்து குறையும், முழுதாக நீங்காது.

அதைவிட மேல், பவுடர் கோட்டிங் செய்த கூண்டு. வெல்டிங் மூட்டுகளில் பூச்சு உரிந்திருக்கிறதா என்று மட்டும் உற்றுப் பாருங்கள். எல்லாவற்றிலும் நல்லது எவர்சில்வர் கம்பி. விலை கூடுதல்தான். ஆனால் காக்கடீலின் ஆயுள் முழுவதும் தாங்கும். பழைய இரும்புக் கூண்டுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். அந்தப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். பறவைக்கு ஈயம் துத்தநாகத்தைவிட மோசமான விஷம்.

கதவையும் ட்ரேயையும் கடையிலேயே இயக்கிப் பாருங்கள். மேலே தூக்கித் திறக்கும் சின்னக் கதவுகள் தீனிக் கிண்ணம் வைக்கும் இடத்தில் இருக்கும். பட்ஜி அலகால் அதைத் தூக்கித் தலையை நுழைக்கக் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு கதவுக்கும் துணி கிளிப் ஒன்று போட்டுவிட்டால் நிம்மதி; பெரிய கிளி என்றால் பூட்டே வேண்டும். ட்ரேயை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். பல கூண்டுகளில் ட்ரே வெளியே வந்ததும் அடியில் இரண்டு அங்குலச் சந்து திறந்துகொள்ளும். காலையில் காகிதம் மாற்றும் அவசரத்தில் பறவை அந்த வழியாகத்தான் தப்பும். ட்ரேக்கு மேலே கம்பித் தட்டு உள்ள கூண்டில் இந்தச் சந்து அடைபட்டிருக்கும். கழுவத் துணி நுழையாத கோணல் மூலைகள் உள்ள கூண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

கூண்டோடு வரும் பிளாஸ்டிக் குச்சிகளைக் கழற்றிவிடலாம். எல்லாம் ஒரே தடிமன். ஒரே இடத்தில் அழுத்தம் பட்டு உள்ளங்கால் புண்ணாகும். கொய்யா, வேம்பு, யூகலிப்டஸ் கிளைகளைப் பட்டையோடு வெட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். பட்ஜிக்குச் சுண்டுவிரல் தடிமன், காக்கடீலுக்குக் கட்டைவிரல் தடிமன். ஆனாலும் ஒவ்வொரு குச்சியும் கொஞ்சம் மாறி இருக்கட்டும். பூச்சி மருந்து தெளித்த தோட்டத்துக் கிளையும் புகை படிந்த சாலையோரக் கிளையும் ஆகாது. அரளி விஷம். பெங்களூரில் பல வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் பட்டர் ஃப்ரூட் மரமும் பறவைக்கு விஷம். பழத்தையும் கொடுக்கக்கூடாது, கிளையையும் வைக்கக்கூடாது. தீனி, தண்ணீர்க் கிண்ணங்களுக்கு நேர் மேலே குச்சி வைத்தால் எச்சம் அதில் விழும். கால்சியத்துக்கு ஒரு கடல்நுரைத் துண்டைக் கம்பியில் செருகிவிடுங்கள். மீதி இடத்தை விளையாட்டுச் சாமான்களால் நிரப்பாதீர்கள். பறக்கும் வழி அடைபடும்.

கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் முட்டையிடுவதற்கான பானையை மாட்ட வேண்டாம். பானை இருந்தால் ஜோடி முட்டையிடத் தொடங்கும். ஓய்வில்லாமல் முட்டையிட்டுக் கால்சியம் வற்றிய பெட்டைக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும்; அதில் இறந்துபோகும் பட்ஜிகள் ஏராளம். குஞ்சு பொரிக்கவைப்பது தனியாகப் படித்துச் செய்ய வேண்டிய வேலை.

கூண்டு எவ்வளவு நல்லதானாலும் வைக்கும் இடம் தவறினால் பயனில்லை. பெங்களூரு அடுக்குமாடி வீடுகளில் பறவைக்கு என்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் சமையலறையை ஒட்டிய யுட்டிலிட்டி. சுத்தம் செய்ய வசதி, சத்தம் உள்ளே வராது என்று வைக்கிறார்கள். பறவைக்கு வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். நான்-ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் மறந்துபோய் அதிகமாகக் காய்ந்தால் அதன் பூச்சிலிருந்து எழும் வாயு மனிதருக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், பறவை சில நிமிடங்களில் செத்துவிடும். பறவையின் நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் காற்றில் உள்ளதை நம்மைவிடத் திறமையாக உறிஞ்சக்கூடியது. நல்லதை உறிஞ்சுவது போலவே நஞ்சையும். யுட்டிலிட்டியில் கேஸ் கீசரும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி எல்லாமே பறவை இருக்கும் அறைக்கு ஆகாதவை. கொசு வராமல் இருக்கக் கூண்டின் மேல் கொசுவலை போர்த்துங்கள். பறவை அம்மையைப் பரப்புவது பெரும்பாலும் கொசுதான் என்பதால் அந்த வலை பறவைக்கும் காப்பு.

அடுத்துத் தேர்ந்தெடுப்பது பால்கனி. பெங்களூரு வானத்தில் பருந்துக்கும் காக்கைக்கும் பஞ்சமில்லை. வைரி போன்ற சின்ன வல்லூறு மரமுள்ள எந்தத் தெருவிலும் திரியும். கூண்டின் மேல் வந்து உட்கார்ந்தாலே போதும், உள்ளே இருப்பது மிரண்டு கம்பியில் மோதிச் சிறகை உடைத்துக்கொள்ளும். பூனையும் எலியும் இரவில் வரும். இங்கே முக்கால்வாசி பால்கனிகளில் கட்டியிருக்கும் நைலான் புறாவலை நம்பத்தக்க காப்பு ஆகாது. அதன் கண்ணியில் புறா நுழையாது, ஆனால் எலி நுழையும். கூண்டிலிருந்து தப்பிய பட்ஜியும் நுழையும், அல்லது கால் சிக்கித் தொங்கும். மேற்குப் பார்த்த பால்கனியில் ஏப்ரல் மாதப் பிற்பகல் வெயில் நேராக விழும். நிழலுக்கு ஒதுங்க முடியாத பறவை துவண்டுவிடும். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரி வரை குளிர் இறங்கும். குளிரைவிட ஊதைக்காற்றுதான் அதிகம் வாட்டும்.

ஆகவே கூடத்தில், வீட்டார் புழங்கும் அறையில் வையுங்கள். ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். பின்பக்கம் பாதுகாப்பு என்று தெரிந்தால் பறவை அமைதியாகும். உங்கள் மார்பு உயரத்தில் குச்சி அமையுமாறு மேசையிலோ ஸ்டாண்டிலோ வையுங்கள். தரையில் வைத்தால் நம் ஒவ்வொரு காலடியும் அதற்கு மிரட்டல். காலை வெயில் சாய்வாகக் கொஞ்சம் விழலாம். டி.வி. பக்கத்தில் வேண்டாம். இரவில் 10 முதல் 12 மணி நேர இருட்டும் அமைதியும் வேண்டும். நம் வீடுகளில் பதினோரு மணிவரை விளக்கு எரிகிறது என்றால் மெல்லிய பருத்தித் துணியால் மூன்று பக்கம் மூடுங்கள். காக்கடீல் இருட்டில் திடீரென்று மிரண்டு படபடவென்று அடித்துக்கொள்ளும் இனம். அதற்கு மட்டும் ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். அதே காக்கடீலின் இறகிலிருந்து வெள்ளைத் தூள் ஓயாமல் உதிரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் வாங்குமுன் யோசியுங்கள். எந்தப் பறவையையும் வெளியே விடுமுன் மின்விசிறியை நிறுத்தி, சன்னல் கண்ணாடிக்குத் திரை இழுத்துவிட வேண்டும். சுழலும் விசிறியில் மோதி அடிபடலாம்.

இடம் உள்ளவர்களுக்கு, பால்கனியின் ஒரு பகுதியையே பறவைக்கூடமாக மாற்றுவது நல்ல வழி. வீட்டருகில் உள்ள கிரில் பட்டறையில் சொன்னால் சட்டம் அடித்து, அரை அங்குலக் கண்ணி உள்ள எவர்சில்வர் வலை பொருத்திக் கொடுப்பார்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கூரை வேண்டும், ஒரு பக்கத்துக்கு மழை மறைப்பு வேண்டும், இரட்டைக் கதவு வேண்டும்: முதல் கதவைச் சாத்திய பிறகே இரண்டாவதைத் திறக்கும் அமைப்பு. தரை வரை வலை இறங்காவிட்டால் எலி வரும். வலையில் தொற்றும் பருந்துக்கும் பூனைக்கும் பறவை எட்டாமல் இருக்க, குச்சிகளை வலையிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வையுங்கள். வாடகை வீடு என்றால் துளையிடுவதற்குமுன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. கழற்றி எடுத்துச் செல்லும்படி போல்ட் போட்டும் செய்யலாம்.

கூண்டு வந்து, குச்சி மாட்டி, ஒரு நாள் காலியாகவே வைத்துப் பாருங்கள். வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, சமையலறைப் புகை வருகிறதா, இரவில் எலி நடமாட்டம் உண்டா எல்லாம் தெரிந்துவிடும். பறவை வந்த முதல் வாரம் கையை உள்ளே விடாமல், தீனி மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ட்ரேயில் தினமும் புதுச் செய்தித்தாள் போடுங்கள். எச்சத்தின் நிறமும் எண்ணிக்கையும் அதில் தெளிவாகத் தெரியும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும், கூண்டை வாரம் ஒரு முறையும் கழுவுங்கள். காய்ந்த எச்சத்தைச் சுரண்டும்போது முகக்கவசம் போட்டு, முதலில் தண்ணீர் தெளித்து ஊறவைத்துவிடுங்கள். பறவையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நுரையீரல் காய்ச்சல் அந்தத் தூசி வழியாகவே வரும். உடம்பு சரியில்லை என்று தோன்றினால் பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியோ, வீட்டுக்கு அருகில் பறவைகளைப் பார்க்கும் மருத்துவரோ, முன்கூட்டியே விசாரித்து எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களில் இன்னொரு ஜோடி வாங்கும் ஆசை வரும். புதிதாக வருபவற்றை நேராகப் பழைய கூண்டில் விடக்கூடாது. 30 நாளாவது வேறு அறையில், வேறு கூண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன்பின் நான்கும் சேர்ந்து இருக்க 30 அங்குல நீளம் போதாது. அந்தப் பெரிய கூண்டுக்கான செலவையும் அதை வைக்கும் இடத்தையும் கணக்குப் பார்த்துவிட்டு சிவாஜிநகருக்குக் கிளம்புங்கள்.